நாலு கியர் புல்லட்டுக்கு ஐந்து கியர் பாக்ஸ்
(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



பழைய புல்லட் வைத்திருக்கும் யாரிடமாவது பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள். வண்டியின் பெருமையெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு ஆசையையும் சொல்லிவிடுவார். "இதுக்கு மட்டும் அஞ்சு கியர் பாக்ஸ் ஏத்திட்டோம்னு வச்சுக்கோ..." என்பார். ஏன் அஞ்சு கியர் என்று கேட்டால் ஸ்பீடு கூடும், பெட்ரோல் மிச்சம், மகனும் ஓட்டலாம் என்று மூன்று காரணம் வரும். இதில் முதல் காரணம் தப்பு. இரண்டாவதும் பெரும்பாலும் தப்பு. மூன்றாவது காரணம் சரிதான், ஆனால் ஆபத்து ஒளிந்திருப்பதும் அதில்தான். லீவில் எங்கள் ஊர் குருவிகுளத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கூடமாட நின்றபோது இந்த வேலை முழுசாக நடந்ததைப் பார்த்தேன். அதை வைத்தும், நாம் வகுப்பில் படிப்பதை வைத்தும் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம், சுருக்கமாக. புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை நம் சென்னை திருவொற்றியூரில். பிறகு தாய்க் கம்பெனியே இங்கிலாந்தில் மூடிப்போனது, பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் வளர்ந்தது! 1994-ல் ஐஷர் நிறுவனம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. இத்தனை காலமும் 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. என்ற அதே இரும்பு என்ஜினும், ஆல்பியன் டிசைனில் வந்த அதே நாலு கியர் பாக்ஸும்தான் ஓடின. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். 2002-ல் தண்டர்பேர்டு வந்தபோது ஐந்து கியரும், இடது கால் கியரும் சேர்ந்தே வந்தன. எலெக்ட்ரா 5எஸ் மாதிரி வண்டிகள் அதற்குப் பிறகு. பழைய பாக்ஸைக் கழற்றிவிட்டு ஏற்றுகிறார்களே, அது இந்த வரிசையைச் சேர்ந்த ஐந்து கியர் பாக்ஸ்தான்.

ஏற்ற முடிவதற்கே காரணம் பழைய புல்லட்டின் அமைப்பு. நம் ஊரில் ஓடும் ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் என்ஜினும் கியரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். பழைய புல்லட்டில் கியர் பாக்ஸ் தனிப் பெட்டி. கிராங்க் கேஸின் முதுகில் நாலு ஸ்டட்டில் போல்ட் போட்டு நிற்கிறது. இடது பக்கம் பிரைமரி செயின் கேஸுக்குள் இரட்டைச் செயின் ஒன்று என்ஜினையும் கிளட்சையும் இணைக்கிறது. என்ஜினுக்கும் பாக்ஸுக்கும் இடையே தூரம் மாறாது என்பதால் செயின் தொய்வை அடியில் இருக்கும் டென்ஷனரால்தான் சரி செய்வார்கள். ஆகவே ஸ்டட் இடம் ஒத்துப்போகிற வேறு பாக்ஸ் கிடைத்தால் மாட்டிவிடலாம். 2008, 2009-க்குப் பிறகு வந்த வண்டிகளில் புல்லட்டும் ஒரே கூடு ஆகிவிட்டது. அந்த கியரைப் பிரித்துக்கொண்டு வந்து பழைய வண்டியில் போட வழியே கிடையாது. "புது புல்லட் பாக்ஸ் இருக்கு, மலிவா தாரேன்" என்று யாராவது சொன்னால் எந்த வருஷத்து வண்டி என்று முதலில் கேளுங்கள்.

இப்போது ஸ்பீடு விஷயத்துக்கு வருவோம். இந்தப் பாக்ஸில் கிளட்ச் இருப்பதும் இடது பக்கம், பின் சக்கரத்துக்குச் செயின் போகும் சின்ன ஸ்பிராக்கெட் இருப்பதும் இடது பக்கம், இரண்டும் ஒரே அச்சில். மெயின் ஷாஃப்ட்டைச் சுற்றி ஸ்லீவ் கியர் உட்கார்ந்திருக்கிறது, அதன் மேல் ஸ்பிராக்கெட். டாப் கியர் போட்டதும் மெயின் ஷாஃப்ட்டும் ஸ்லீவ் கியரும் டாக் மூலம் பூட்டிக்கொண்டு ஒன்றாகவே சுற்றுகின்றன. லே ஷாஃப்ட் சும்மா கூடச் சுற்றும், வேலை செய்யாது. கிளட்ச் ஒரு சுற்று சுற்றினால் ஸ்பிராக்கெட்டும் ஒரு சுற்று, அதாவது 1:1. நாலு கியர் பாக்ஸில் நாலாவது கியர் இப்படி. ஐந்து கியர் பாக்ஸில் ஐந்தாவது கியரும் இதேபடிதான்! இரண்டிலும் டாப் ஒன்றே. அப்படியிருக்க ஸ்பீடு எங்கிருந்து கூடும்?

ஜப்பான் வழி வண்டிகளில் ஒரு ஷாஃப்ட்டில் நுழைந்து இன்னொரு ஷாஃப்ட்டில் வெளியேறுகிறது சக்தி. அங்கே எல்லா கியரிலும் ஒரு ஜோடி பல் வேலை செய்யும். டாப்பையும் வேண்டியபடி வைக்கலாம். புல்லட்டின் பழைய அமைப்பு அப்படி இல்லை. டாப் கியரில் என்ஜின் அதே ஆர்.பி.எம்.மில் சுற்ற, வண்டி கூடுதல் வேகம் போக வேண்டுமென்றால் கியர் பாக்ஸைத் தொடவே வேண்டாம். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் போதும். உதாரணத்துக்கு 16 பல்லுக்குப் பதில் 17 போட்டால் 6 சதவீதம் வித்தியாசம் வரும். செலவும் கொஞ்சம்தான். ஆனால் அந்த 6 சதவீதத்தை இழுக்க என்ஜினுக்குத் தெம்பு வேண்டுமே! 18 குதிரைத் திறன்தான் மொத்தக் கையிருப்பு. (நம் பக்கத்தில் முன்பு ஓடிய டீசல் புல்லட்டுக்கு ஆறரை குதிரை. அதற்கும் நாலே கியர். அதை ஓட்டினவர்களின் பொறுமையைப் பாராட்ட வேண்டும்.)

அப்படியானால் அந்த ஐந்தாவது கியர் எதற்கு? இந்தக் கேள்விதான் ஒர்க்‌ஷாப்பிலும் வந்தது. மேஸ்திரிக்கு நாற்பது வருஷ அனுபவம். ஆனால் ரேஷியோ கணக்கை மட்டும் என்னிடம் தள்ளிவிட்டார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் மிக்சி ரிப்பேர் முதல் பம்ப்செட் வரை எதற்கும் "நீதான படிச்சிருக்க, சொல்லு" என்பார்கள். இந்த ஒரு தடவைதான் உண்மையிலேயே படித்தது உதவியது. சாக்பீஸால் தரையிலேயே போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பழைய பாக்ஸின் ரேஷியோ ஏறத்தாழ 2.8, 1.84, 1.36, 1. புதுப் பாக்ஸில் ஏறத்தாழ 3, 2, 1.5, 1.2, 1. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகத் தெரியும். கடைசி எண் ஒன்றுதான். முதல் எண் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆகவே லோடோடு கிளம்பும்போது இழுவை சற்று நன்றாக இருக்கும். மற்றபடி நடந்திருப்பது, இரண்டு முனைக்கும் இடையே இருந்த மூன்று தாண்டலை நாலு தாண்டலாகப் பிரித்தது. வீட்டு மாடிப்படி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மாடி உயரவில்லை. படி ஒன்று கூடியிருக்கிறது.

அந்தப் படி எந்த இடத்தில் கூடியிருக்கிறது என்பதுதான் முக்கியம். பழைய பாக்ஸில் மூன்றாவது கியரில் 4000 ஆர்.பி.எம். வரை இழுத்து டாப்புக்கு மாற்றினால் என்ஜின் சுமார் 2940-க்கு விழும். ஆயிரத்துக்கு மேல் நஷ்டம். புதுப் பாக்ஸில் நாலாவதில் 4000 இழுத்து ஐந்தாவதுக்கு மாற்றினால் சுமார் 3330-ல் நிற்கும். சமதரையில், சங்கரன்கோவில் ரோட்டிலோ கழுகுமலை ரோட்டிலோ போகிறவனுக்கு இது பெரிசாகத் தெரியாது. புல்லட்டின் ஃபிளைவீல் கனம், ஸ்ட்ரோக் நீளம், விழுந்தாலும் அந்த என்ஜின் எழுந்துகொள்ளும். நாலு கியரிலேயே அரை நூற்றாண்டு ஓடியது சும்மா இல்லை.

ஆனால் செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் ஏறிப் பாருங்கள். பின்னால் ஆள், பக்கத்தில் மூட்டை, முன்னால் கேரளா லாரி. டாப்பில் போட்டால் என்ஜின் முக்கும், மூன்றாவதில் போட்டால் கத்தும். முக்குவதற்கும் கத்துவதற்கும் நடுவே ஒரு கியர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும் பாருங்கள், அந்த இடத்தில்தான் 1.2 நிற்கிறது. ஐந்து கியர் பாக்ஸுக்கு நாம் கொடுக்கும் காசு முழுக்க அந்த 1.2-க்குத்தான். மலை ஏறாதவர், நீண்ட தூரம் லோடு வைத்துப் போகாதவர், அந்தக் காசுக்கு நல்ல டயர் ஒரு ஜோடி வாங்கிப் போடலாம் என்பது என் அபிப்பிராயம். பெட்ரோல் கதையும் இதோடு முடிந்தது. டாப் ரேஷியோ மாறாதபோது சமதரை மைலேஜில் மாற்றம் எதிர்பார்க்க நியாயமில்லை.

நான் பார்த்த வண்டி திருவேங்கடம் பக்கத்துப் பெரியவர் ஒருவருடையது. வியாபார விஷயமாக மாதம் ரெண்டு தடவை புனலூர் வரை வண்டியிலேயே போய் வருபவர். அவருக்கு மலையும் உண்டு, மூட்டையும் உண்டு. ஆகவே மாற்றுவதில் அர்த்தம் இருந்தது. மதுரையிலிருந்து ஐந்து கியர் பாக்ஸ் ஒன்று பழைய சாமானாக வந்தது. மேஸ்திரி அதை பாக்ஸ் மட்டுமாக வாங்கவில்லை. கிளட்ச், லீவர், வலது பக்க பிரேக் பெடல், அதன் ஷாஃப்ட் எல்லாம் ஒரே வண்டியில் இருந்து கழற்றியதாக வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார். ஏன் என்று அப்போது புரியவில்லை. வேலை நடக்கும்போது புரிந்தது.

பாக்ஸ் மாட்டும் வேலை அரை நாளில் முடிந்துவிட்டது. சொல்ல அதிகம் இல்லை. ஸ்டட் இழை பார்த்து, மெயின் ஷாஃப்ட் ஸ்பிளைனில் கிளட்ச் சென்டர் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா பார்த்து, என்ஜின் ஸ்பிராக்கெட்டும் கிளட்ச் ஸ்பிராக்கெட்டும் ஒரே கோட்டில் வருகிறதா என்று நேர்ப்பட்டை வைத்துப் பார்த்து, முறுக்கி முடித்தார். பழைய பாக்ஸில் கிரீஸ்தான் போடுவது வழக்கம், ஆயில் ஊற்றினால் ஒழுகிவிடும். புதுப் பாக்ஸ் ஆயிலில் ஓடுவது. இந்த வித்தியாசம் தெரியாமல் புதுப் பாக்ஸிலும் கிரீஸை அடைக்கிறவர்கள் இருக்கிறார்களாம்.

மீதி இரண்டரை நாளும் பிரேக்குக்குத்தான் போனது.

யோசித்துப் பாருங்கள். கியர் லீவர் இடது பக்கம் வந்துவிட்டது. அங்கே ஏற்கெனவே இருந்த பிரேக் பெடல் வலது பக்கம் போக வேண்டும். ஆனால் பிரேக் டிரம் இருப்பது பின் சக்கரத்தின் இடது பக்கம். டிரம்மும் பெரிய ஸ்பிராக்கெட்டும் ஒரே வார்ப்பு என்பதால் செயினை விட்டு டிரம்மை மட்டும் வலது பக்கம் நகர்த்த முடியாது. அப்படியானால் வலது காலால் மிதிப்பதை வண்டிக்குக் குறுக்கே கடத்திக்கொண்டு போய் இடது பக்கம் ராடை இழுக்க வேண்டும். அதற்குத்தான் குறுக்கு ஷாஃப்ட். கம்பெனியே இடது கியர் வண்டிகளில் இப்படித்தான் செய்தது. பழைய பிரேமில் அதற்கு இடம் விட்டிருக்காது. பிராக்கெட் செய்து வைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் எழுந்து வந்து நிற்கிறது! ஷாஃப்ட்டின் ஒரு முனையில் பெடல் திருகுகிறது, மறுமுனையில் ஆர்ம் ராடை இழுக்கிறது. நடுவில் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். முறுக்கக் கோணம் விட்டத்தின் நாலாவது அடுக்குக்கு எதிர்விகிதம் என்று பரீட்சைக்குப் படித்தோமே, அதைப் போட்டுப் பாருங்கள். 16 மி.மீ. ஷாஃப்ட்டுக்குப் பதில் கையில் கிடைத்த 12 மி.மீ. கம்பியைப் போட்டால் முறுக்கம் மூன்று மடங்குக்கு மேல். பெடல் போகும், டிரம்முக்குள் ஷூ போகாது. மிதிக்கிறவனுக்கு பிரேக் பஞ்சு மாதிரி இருக்கும். லைனர் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அட்ஜஸ்டரை முறுக்குவான், முறுக்கி முறுக்கி ஷூ உரசும். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

அடுத்தது ஆர்ம் நீளம். பெடல் நீளமும் ஆர்ம் நீளமும் சேர்ந்துதான் காலின் அழுத்தத்தை எத்தனை மடங்காக்குவது என்று தீர்மானிக்கின்றன. பெடல் 200 மி.மீ., ஆர்ம் 50 மி.மீ. என்றால் நாலு மடங்கு. "பிரேம்ல இடிக்குது" என்று ஆர்மை 80 ஆக்கினால் இரண்டரை மடங்குதான். யாரும் கவனிக்க மாட்டார்கள், மழையில் ஒருநாள் தெரியும். கேஸ் வெல்டிங்கில் ஆர்மை ஷாஃப்ட்டோடு ஒட்டவைக்கும் பழக்கமும் உண்டு. மேஸ்திரி அதற்குச் சம்மதிக்கவே இல்லை. "கியர் விழலன்னா வண்டி நிக்கும். இது விட்டா வண்டி நிக்காது" என்றார். செட்டாக வாங்கச் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. ஸ்டாப் லைட் சுவிட்சையும் புதுப் பெடல் பக்கம் மாற்றினார். சின்ன வேலை, பலர் மறந்துவிடுவார்கள். அப்புறம் பின்னால் வருகிறவனுக்கு நாம் பிரேக் போடுவது தெரியாது.

வேலை முடிந்து வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. பெரியவர் மகனோடு வந்தார். மகன் இடது கியர் வண்டி ஓட்டிப் பழகியவர். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மாற்றம். மேஸ்திரி உடனே சாவியைக் கொடுக்கவில்லை. "அண்ணாச்சி, ஸ்டாண்டுலயே ஏறி உக்காருங்க. டாப்புல அறுபதுல போய்க்கிட்டு இருக்கீக. கண்ண மூடிக்கோங்க" என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ரெண்டு நிமிஷம் வேறு ஏதோ பேச்சுக் கொடுத்துவிட்டு, திடீரென்று "மாடு!" என்று கத்தினார் மேஸ்திரி.

பெரியவரின் இடது கால் படக்கென்று கீழே அமுங்கியது. அங்கே இப்போது இருப்பது கியர் லீவர்!

எல்லோரும் சிரித்தோம். பெரியவர் சிரிக்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பக்கம் மட்டும் மாறவில்லை, திசையும் மாறியிருக்கிறது. பழைய பாக்ஸில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. புதுப் பாக்ஸில் முதல் கியர் கீழே, மற்ற நாலும் மேலே. பழைய கால் அவசரத்தில் பிரேக் என்று இடது பக்கம் அமுக்கினால் ஒரு கியர் குறையும், வண்டி நிற்காது. அதே ஆள் சாவகாசமாக அடுத்த கியர் போடுவதாக நினைத்து வலது காலை அமுக்கினால், அது பிரேக். பின்னால் பஸ் வரும்போது அப்படி அமுக்கினால் என்ன ஆகும்? நியூட்ரல் ஃபைண்டரும் போய்விட்டது. பழைய பாக்ஸில் இரண்டு, மூன்று, நாலு எந்த கியரில் இருந்தாலும் குதிகாலால் ஒரு மிதி, நியூட்ரல். உலகத்தில் எத்தனை வண்டிக்கு இந்த வசதி உண்டு? புதுப் பாக்ஸில் கிடையாது. முப்பது வருஷம் அதை மிதித்த கால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதைத் தேடும்.

மூளையில் யோசித்துச் செய்கிற காரியமாக இருந்தால் ஒரு வாரத்தில் திருத்திக்கொள்ளலாம். திடுக்கிடும்போது கால் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் 1970-களின் நடுவிலேயே இடது கால் கியர், வலது கால் பிரேக் என்று சட்டம் போட்டு எல்லா வண்டியையும் ஒரே மாதிரி ஆக்கியதற்கும் இந்தக் குழப்பம்தான் காரணம். ஒரே வீட்டில் ரெண்டு விதமான வண்டி இருப்பதும் ஆபத்து, ஒரே வண்டியை ரெண்டு விதமான கால் ஓட்டுவதும் ஆபத்து.

பெரியவர் கடைசியில், "அப்ப இது இனிமே அவன் வண்டி" என்று சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். புனலூருக்கு மகன் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து போகிறார். அதற்குப் பிறகு மேஸ்திரி கியர் பாக்ஸ் மாற்ற வருகிறவர்களிடம் விலை பேசுமுன் ஒரு கேள்வி கேட்கிறார்: "ஓட்டப்போறது யாரு?" பழைய காலே தொடர்ந்து ஓட்டப்போகிறது என்றால் நாலு கியர் பாக்ஸையே அவிழ்த்துச் சரிபார்த்துக் கொடுத்துவிடுகிறார். அதில் பாதிப் புகார்கள் கியர் நடுவில் விழுந்து நிற்பது, அதாவது ஃபால்ஸ் நியூட்ரல். அதற்கு ராட்செட் அட்ஜஸ்டர் தட்டின் ரெண்டு போல்ட்டைத் தளர்த்திச் சிறிது நகர்த்தினாலே பல வண்டி சரியாகிவிடுகிறது. டாக் பல் மழுங்கியிருந்தாலோ புஷ் தேய்ந்திருந்தாலோ மட்டும் சாமான் மாற்ற வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஆர்.சி.யில் என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கும், கியர் பாக்ஸுக்கு அதில் இடமில்லை. அதற்காக பிரேமை அறுப்பது, வளைப்பது, நம்பர் இருக்கும் பக்கம் வெல்டிங் வைப்பது எல்லாம் கூடாது. பிராக்கெட்டை முடிந்தவரை கிளாம்ப் போட்டே நிறுத்துங்கள். வேலை தொடங்குமுன் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்சூரன்ஸிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பழைய பாக்ஸ் வாங்கும்போது பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டிகளைப் பிரித்துச் சாமானாக விற்பதும் நடக்கிறது.

மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு ஸ்டட்டையும் ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும், பிரைமரி செயின் தொய்வைப் பார்க்க வேண்டும், குறுக்கு ஷாஃப்ட் பின்களில் ஆட்டம் வந்திருக்கிறதா என்று பெடலைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கழற்றிய நாலு கியர் பாக்ஸைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதே ஸ்டட்டில் எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஏறும். பெரியவர் தன்னுடையதை கிரீஸோடு சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.